கோடி ரூபா கார்டும் கருமாதிக் கார்டும்

சேகரிப்புக் கிறுக்கு பிடிச்ச ரெண்டு பேர் சந்திச்சா, டீ ஆறதுக்குள்ள ஒரு கேள்வி வந்துடும். "உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு கிடைக்கும்னா எது வேணும்?" தீப்பெட்டி லேபிள் சேர்க்கறவர், பழைய காசு சேர்க்கறவர், என்னை மாதிரி ஸ்டாம்ப், கவர், கார்டுன்னு அலையறவன், யாரா இருந்தாலும் இதுக்குப் பதில் தயாரா இருக்கும். கல்யாணப் பொண்ணு எப்படி இருக்கணும்னு கேட்டாக்கூட இவ்வளவு வேகமா பதில் வராது :-)

அந்தப் பதிலைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். உட்கார்ந்து படிங்க.

முதல்ல அமெரிக்காக்காரன் கதை. கிரிக்கெட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி அங்க பேஸ்பால். நமக்கு பபுள் கம்மோட கிரிக்கெட் வீரர் படம் வந்த மாதிரி, அவங்களுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடி சிகரெட் பெட்டிக்குள்ள பேஸ்பால் வீரர் படம் போட்ட சின்ன அட்டை வந்தது. 1909லேருந்து 1911 வரைக்கும் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி போட்ட வரிசைக்கு, பின்னாடி வந்த சேகரிப்பாளர்கள் வெச்ச பேர் டி-206. அதுல ஹோனஸ் வாக்னர்னு ஒரு பெரிய ஆட்டக்காரரோட அட்டைதான் எல்லாருக்கும் கனவு. ஏன்னா, என் படத்தைப் போடாதேன்னு அவர் சொல்லிட்டார். அதோட அச்சடிக்கறத நிறுத்திட்டாங்க. பசங்க நம்ம படத்துக்காக சிகரெட் வாங்கக் கூடாதுன்னு நினைச்சார்னு ஒரு கதை. காசு சரியா தரலைன்னு இன்னொரு கதை. மனுஷன் தானே புகையிலை போடுவார்ங்கறதும் உண்மை. எப்படியோ, இன்னிக்கு உலகத்துல இருக்கறது ஐம்பது, அறுபது அட்டைதான். அதுல ஒண்ணு 2022ல 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறுச்சு. நம்ம காசுக்கு 55 கோடிக்கு மேல. சிகரெட் பெட்டிக்குள்ள ஓசியா வந்த அட்டைங்க அது!

அதே வருஷம் அதையும் தாண்டிச்சு இன்னொண்ணு. 1952ல டாப்ஸ் கம்பெனி போட்ட மிக்கி மேன்டில் அட்டை, 1 கோடியே 26 லட்சம் டாலர். இந்த அட்டையோட கதை எனக்கு இன்னும் பிடிக்கும். விக்காம கிடங்குல தேங்கிப் போன 1952 அட்டைப் பெட்டிகளை 1960ல படகுல ஏத்திட்டுப் போய் அட்லான்டிக் கடல்ல கொட்டினாங்க. மிச்சத்தை அந்தந்த வீட்டு அம்மாக்கள் குப்பைல போட்டாங்க. ஆக, அந்த விலையை ஏத்தி விட்டதுல பாதிப் புண்ணியம் குப்பைக்குப் போட்டவங்களுக்குத்தான்.

சரி, நம்ம ஊர்ல?

இந்திய ஸ்டாம்ப் ஆளுங்ககிட்ட கேட்டா பத்துல ஏழு பேர் சொல்றது ஒண்ணுதான். 1948 காந்தி பத்து ரூபா, 'சர்வீஸ்' மேலச்சோட. சுதந்திரத்தோட முதல் ஆண்டு நிறைவுக்கு, 1948 ஆகஸ்ட் 15ல நாலு காந்தி ஸ்டாம்ப் வெளியாச்சு. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபா. ஒவ்வொண்ணுலயும் 'பாபு'ன்னு இந்தியிலும் உருதுவிலும் போட்டிருக்கும். அச்சடிச்சது எங்க தெரியுமா? சுவிட்சர்லாந்துல! கதர் கட்டச் சொன்ன மனுஷனோட ஸ்டாம்ப் சீமைச் சரக்கு. அந்தக் காலத்துப் பத்து ரூபாங்கறது 160 அணா. ஒரு பத்து ரூபா ஸ்டாம்ப் வாங்கற காசுல ஒன்றரை அணா ஸ்டாம்ப் நூத்துக்கு மேல வாங்கலாம். சாதாரண ஜனம் அதைத் தொட்டுப் பார்த்திருக்கக்கூட வாய்ப்பு கம்மி.

அந்தப் பத்து ரூபா ஸ்டாம்ப்ல நூறே நூறை எடுத்து, மேல 'சர்வீஸ்'னு கருப்பு எழுத்துல அடிச்சு, கவர்னர் ஜெனரல் ஆபீசுக்குக் குடுத்தாங்க. எந்த போஸ்ட் ஆபீஸ் ஜன்னல்லயும் அது விக்கலை. அப்போ கவர்னர் ஜெனரல் யாருன்னு பாருங்க. நம்ம ராஜாஜி. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர். 2017ல இந்த ஸ்டாம்ப் நாலு சேர்ந்த ஒரு துண்டை லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் கம்பெனி 5 லட்சம் பவுண்டுக்கு ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தருக்கு வித்தது. அன்னிக்கு நாலு கோடி ரூபாக்கு மேல.

உப்பளத்து ஊர்க்காரனுக்கு இது மேல ஆசை வர இன்னொரு காரணமும் இருக்கு. 1930ல காந்தி தண்டிக்குப் போனப்ப, இங்க திருச்சியிலேருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பள்ளினவர் ராஜாஜி. பதினெட்டு வருஷம் கழிச்சு காந்தி முகம் ஸ்டாம்ப்ல இருக்கு, அதை ஒட்டற ஆபீஸ் ராஜாஜியோடது. உப்புக்காக ஜெயிலுக்குப் போன ரெண்டு பேர் ஒரு ஸ்டாம்ப்ல சேர்ந்திருக்காங்க. இன்னொண்ணும் சொல்றேன். அந்த 1948 ஆகஸ்ட்ல சென்னை மாகாணப் பிரதமர் யாரு? ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். எங்க திண்டிவனம் பக்கத்து மனுஷன். கவர்னர் ஜெனரல் ஆபீஸ்லேருந்து ஓமந்தூராருக்கு ஒரு கவர், மேல அந்த ஸ்டாம்ப்... அப்படி ஒண்ணு ஏதோ ஒரு பரண்ல தூங்கிட்டு இருந்தா? நடந்திருக்கும்னு சொல்லலை சாமி, கனவுதானே, அதுக்கு வரியா கட்டப் போறோம் ;-)

இது வரைக்கும் எல்லாரும் சொல்ற கனவு. இனிமே என் வழக்கு.

இந்தக் கோடி ரூபா கனவுகள் பெரும்பாலும் இரவல் கனவுன்னு எனக்குத் தோணுது. ஏலத்துல ஒரு தொகை சொல்றான், பேப்பர்ல வருது, உடனே அது நம்ம கனவாயிடுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு நண்பர் பத்து வருஷமா காந்தி சர்வீஸ்தான் கனவுன்னு சொல்லிட்டு இருந்தார். "கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "வித்துட்டு வீடு கட்டுவேன்"னார். தப்பே இல்லை, நல்ல கனவுதான். ஆனா அது வீட்டுக் கனவு. ஸ்டாம்ப் கனவு இல்லை.

"அரிதா இருக்கறதாலதானே விலை?"ன்னு கேப்பீங்க. யோசிச்சுப் பாருங்க, அரிதுங்கறது ஒரு பெரிய விஷயமே இல்லை. உங்க சித்தப்பா பட்டாளத்திலேருந்து எழுதின ஒவ்வொரு இன்லேண்டும் உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான். வாக்னர் அட்டையாவது ஐம்பது இருக்கு. ஆனா சித்தப்பா இன்லேண்டை யாரும் கேக்கலை, அதனால எடைக்குப் போகுது. விலையை ஏத்தறது அது குறைவா இருக்கறது மட்டும் இல்லை, எத்தனை பேர் அதுக்கு ஆசைப்படறாங்கங்கறதும்தான். அந்த ஆசையை நாம பெரும்பாலும் அடுத்தவனைப் பார்த்துத்தான் கத்துக்கறோம். அப்படின்னா எதுக்கு ஆசைப்படணும்னு நாமளே முடிவு பண்ணலாமே?

"முதலீடு சார்"னு சொல்ற கோஷ்டிக்கு ஒரே வரி. எல்லாரும் முதலீடுன்னு பத்திரப்படுத்தினது எதுவும் பின்னாடி அரிதா ஆனதில்லை. அமெரிக்காவுல 1980கள் கடைசியில கோடிக்கணக்குல அச்சடிச்ச அட்டைகளைப் பெட்டி பெட்டியா பூட்டி வெச்சாங்க, இன்னிக்கு சீந்துவாரில்லை. இங்கயும் ஷீட் ஷீட்டா வாங்கி அடுக்கின நினைவு ஸ்டாம்ப்களை வியாபாரிகிட்ட கொண்டு போனா, அச்சடிச்ச விலையே கிடைச்சா பெரிசு. மேன்டில் அட்டை மாதிரி எல்லாரும் தூக்கிப் போட்டதுதான் பின்னாடி ஏங்க வைக்குது.

எங்க ஊர்ல எல்லாரும் தூக்கிப் போட்டது எதுன்னு யோசிச்சப்பதான் என் கனவு எதுன்னு எனக்குப் பிடிபட்டது. அது ஒரு போஸ்ட் கார்டு.

பிரம்மதேசம்னு தெளிவா முத்திரை விழுந்த பழைய கார்டு கிடைக்கறதே குதிரைக் கொம்பு. கிடைச்சாலும் எந்த பிரம்மதேசம்? அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒண்ணு, செய்யாறு பக்கத்துல ஒண்ணு, அந்தியூர் பக்கத்துல ஒண்ணு. மரக்காணம் பக்கம் இருக்கற எங்க ஊரும் அதே பேர்தான். பின்கோடு வந்ததே 1972ல. அதுக்கு முந்தின கார்டுன்னா முகவரியைத் துப்பறியணும். 'தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா'ன்னு இருந்தா எங்களுது. 'விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம்'னு எழுதியிருந்தா இன்னும் சுலபம். 1993ல மாவட்டம் பிரிஞ்சப்ப வெச்ச பேர், 1997ல மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பேரையெல்லாம் எடுத்துட்டாங்க. ஆக அந்த நாலு வருஷத்துக் கடுதாசி. 'மெட்ராஸ் ஸ்டேட்'னு இருந்தா பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முந்தினது. ஸ்டாம்பைக் கத்தரிச்சுத் தண்ணில ஊறப் போட்டா இத்தனையும் போச்சு. அதனாலதான் கத்தரிக்காதீங்கன்னு பார்க்கறவங்ககிட்ட எல்லாம் கத்திட்டு இருக்கேன்.

ஆனா நான் தேடற கார்டு அதுலயும் ஒரு தனி ரகம். கருமாதிக் கார்டு.

இந்தத் தலைமுறைக்குத் தெரியாதவங்களுக்காக: நல்ல சேதின்னா கடுதாசி மூலையில மஞ்சள் தடவி அனுப்புவாங்க. சாவுன்னா கருப்பு. இன்னார் இன்ன தேதியில காலமானார், காரியம் இன்ன தேதியில, அவ்வளவுதான் இருக்கும். தபால்காரர் அதை வீட்டுக்குள்ள வந்து குடுக்கமாட்டார், வாசல்லயே நின்னு குடுப்பார். படிச்சு முடிச்ச கையோட வாசல்லயே கிழிச்சுப் போட்டுடுவாங்க. வீட்டுக்குள்ள வரவே கூடாது. கல்யாணப் பத்திரிகை இருபது வருஷம் பீரோவுல இருக்கும். கருமாதிக் கார்டு இருபது நிமிஷம் இருக்காது.

வாக்னர் அட்டை ஒருத்தர் வேண்டாம்னு சொன்னதால அரிதாச்சு. இந்தக் கார்டை ஊர் உலகமே வேண்டாம்னு சொல்லிச்சு. நானும் பல வருஷமா கபாடிக் கடை, பழைய புஸ்தகக் கடை, ஸ்டாம்ப் கண்காட்சின்னு சுத்தறேன். அரசாங்கக் கவர் கிடைக்குது, வெள்ளைக்காரன் காலத்துக் கவர் கிடைக்குது, வியாபாரிங்க கணக்குக் கார்டு கட்டுக் கட்டா கிடைக்குது. எங்க ஊர் கருமாதிக் கார்டு ஒண்ணுகூடக் கண்ணுல பட்டதில்லை.

இதுல எனக்கு என்ன இவ்வளவு அக்கறைன்னா, எங்க தாத்தா. உப்பளத்துல பாத்தி மிதிச்சு, உப்பு வாரினவர். அறுபதுகளோட கடைசியில செத்துப் போனார். தேதி யாருக்கும் தெரியாது. சான்றிதழ் ஏதும் இல்லை. ஆயாகிட்ட கேட்டா, "ஐப்பசி அடைமழ, குவிச்சு வெச்ச உப்பெல்லாம் கரைஞ்சு ஓடிச்சே, அந்த வருஷம்"னு சொல்லும். உப்பு கரையாத ஐப்பசி எது? மரக்காணம் பக்கத்துல எல்லா வருஷமும் அந்த வருஷம்தான். திதி தெரியாததால அப்பா மகாளய அமாவாசைக்குத்தான் படைப்பார். ஊர்ல அத்தனை பேரோட தாத்தாவுக்கும் சேர்த்துப் படைக்கற நாள். எங்க தாத்தாவுக்குன்னு ஒரு நாள் இல்லை.

ஆனா அந்தத் தேதி எழுதப்பட்டது. அதுதான் என்னைத் தூங்கவிடாது. ஆயா சொன்னது: "வாத்தியார் ஒக்காந்து இருவது கார்டு எழுதினாரு. மூலைக்கு மூலை கரி தடவினது உங்க பெரியத்த." இருபது கார்டு! மேல தேதி, அடியில தேதி, போஸ்ட் ஆபீஸ் முத்திரையில ஒரு தேதி. திண்டிவனம், செஞ்சி, புதுச்சேரின்னு இருபது வாசல்ல இருபதும் கிழிஞ்சிருக்கு. ஒரு வீட்ல, ஒரே ஒரு வீட்ல, தபால்காரர் வந்தப்ப யாரும் இல்லாம, கார்டு கதவிடுக்குல விழுந்து, அப்படியே பழைய பேப்பரோட கலந்து போயிருந்தா? அதுதாங்க என் கனவு கார்டு. ஏலத்துக்கு வந்தா ரெண்டு ரூபாகூடப் போகாது. எனக்கு அதுக்கு முன்னாடி காந்தி சர்வீஸ் நாலும் சும்மா.

அம்மாகிட்ட இதைச் சொன்னப்ப, "அந்தக் கருமாந்திரத்த எடுத்துக்கிட்டு வூட்டுக்குள்ள கால் வெச்சிடாத"ன்னுட்டாங்க. அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. கிழிக்கறதுங்கறது வெறும் பயம் இல்லை. ஒரு துக்கத்தைத் தினமும் கண்ணுல பட வைக்கக் கூடாதுங்கற இங்கிதமும் அதுல இருக்கு. இன்னொருத்தர் வீட்டு எழவை ஆல்பத்துல வெச்சுப் பக்கம் புரட்டறது சரியான்னும் கேக்கலாம். என் பதில் இதுதான்: வேற குடும்பத்துக் கார்டு கிடைச்சா அந்தக் குடும்பத்துக்குத்தான் முதல் உரிமை, தேடிப் போய்க் குடுப்பேன். கிழிக்கறவங்களையும் நான் தடுக்கலை. கிழிக்கறதுக்கு முன்னாடி தேதியை மட்டும் ஒரு நோட்டுல எழுதிடுங்கன்னு சொல்றேன். துக்கத்தைக் கிழிங்க, தேதியைக் கிழிக்காதீங்க.

எங்க ஊர்ல ரெண்டு சோழர் காலக் கோயில் இருக்கு, பிரம்மபுரீஸ்வரர், பாதாளீஸ்வரர். சுவர் முழுக்கக் கல்வெட்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எவன் எத்தனை ஆடு குடுத்தான், எத்தனை காசு குடுத்தான்னு படிக்க இன்னிக்கும் ஆள் வருது. சந்தோஷம். ஆனா ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னாடி செத்த உப்பளத் தொழிலாளி எந்தத் தேதியில செத்தான்னு சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கல்லுல எழுத வசதி இருந்தவங்க பேர் நிக்குது. நம்மாளுங்க எழுதினது கார்டுல. கார்டைக் காப்பாத்த எந்தத் துறையும் வரப் போறதில்லை, நாமதான் பார்த்துக்கணும்.

நேரமும் அதிகம் இல்லை. தந்தி 2013 ஜூலையோட முடிஞ்சது. ரிஜிஸ்டர் போஸ்டை 2025ல ஸ்பீட் போஸ்டோட சேர்த்துட்டாங்க. சாவுச் சேதி இப்ப வாட்ஸப்புல வருது. போன் ஸ்டோரேஜ் நிறைஞ்சதும் மொத்தமா அழிச்சுடறோம். வாசல்ல கிழிச்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு நம்ம பேரப் பசங்களும் "அந்தப் பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த வருஷம்"னுதான் சொல்லிட்டிருப்பாங்க.

அதனால மக்களே, ஊருக்குப் போறப்ப செய்ய வேண்டியது:

பழைய வீட்ல விட்டத்துலயோ ஆணியிலயோ ஒரு கம்பி தொங்கும், கடுதாசி எல்லாம் அதுல குத்தி வெச்சிருப்பாங்க. அதை அப்படியே உருவிக் குப்பைல போடாதீங்க. நடுவுல ஓட்டை இருந்தா மதிப்பு போச்சும்பாங்க வியாபாரிங்க. போகட்டும், அந்த ஓட்டைதான் அந்த வீட்டு முத்திரை. கடலோர ஊரா இருந்தா கம்பியும் ஸ்டேப்ளர் பின்னும் உப்புக் காத்துல துருப்பிடிச்சுக் காகிதத்தைத் தின்னுடும். முதல்ல அதை மெதுவா எடுங்க.

ஸ்டாம்பைத் தனியாப் பிய்க்காதீங்க. கவரோட, கார்டோட வைங்க. செலோ டேப் ஒட்டறது, லேமினேஷன் பண்றது ரெண்டும் வேண்டவே வேண்டாம், பத்து வருஷத்துல பழுப்பாகி ஒட்டிக்கும். பென்சிலால பின்னாடி ஓரமா, யார் வீட்ல கிடைச்சதுன்னு எழுதுங்க.

வீட்ல பெரியவங்க இருந்தா, இறந்தவங்க பேரைச் சொல்லி, "எந்த வருஷம், என்ன மாசம், அன்னிக்கு வேற என்ன நடந்தது"ன்னு கேட்டு எழுதி வைங்க. கார்டு கிடைக்காட்டியும் இதாவது மிஞ்சும்.

உங்க கனவுப் பொருள் எதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஏலத்துல எவ்வளவு போகும்னு சொல்ல வேண்டாம். அது ஏன் உங்களுக்கு வேணும்னு மட்டும் சொல்லுங்க.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரண்ல திண்டிவனம், செஞ்சி, புதுச்சேரிப் பக்கத்து உறவுக்கு வந்த, மூலையில கரி தடவின, அறுபதுகளோட கடைசிக் கார்டு ஏதாவது தட்டுப்பட்டா, முத்திரையில பிரம்மதேசம்னு இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. கார்டு நீங்களே வெச்சுக்கங்க. எனக்குத் தேதி போதும்.